கொட்டாஞ்சேனைக் கூட்டத்தில் நான் சொன்னது

ஞாயிறு இரவு, வெள்ளவத்தை

நெற்றியில் தையல் போட்டிருக்கிறார்கள். மாத்திரை எடுத்தும் தூக்கம் வரவில்லை.

இன்று கொட்டாஞ்சேனையில் இலகு ரயில் திட்டம் பற்றிச் சனத்தோடு கூட்டம். வெளிநாட்டு ஆலோசகர் ஆங்கிலத்தில் பேசினார், நான் அதைத் தமிழில் மொழிபெயர்த்துச் சொன்னேன். அங்குள்ள வீடுகளை இடித்துக்கொண்டுதான் பாதை புறநகருக்குப் போகுமாம். "ஆனால் இங்கே ரயில் நிற்காது. உங்கள் டிக்கெட் காசு சீமெந்துக்கும் காணாது" என்று சிரித்தார். அப்படியே சொன்னேன். சனத்துக்குக் கேட்டது என் குரல்தானே.

உட்கார்ந்திருந்த கதிரைகள் பறந்தன. ஒருவன் மைக்கைப் பிடுங்கி ஜன்னலை அடித்து நொறுக்கினான். ஓர் இரும்புக் கதிரை என் நெற்றியைப் பிளந்தது. எறிந்தவன் ஜூட், துறைமுகத் தொழிலாளி. அவனுடைய வீடும் போகிறது. இரத்தத்தைக் கண்டதும் ஓடி வந்து, தன் சட்டையைக் கழற்றிக் காயத்தில் அழுத்தினான்.

"ஐயோ மிஸ், மன்னிச்சிருங்க. உங்களுக்கு எறியல்ல" என்று அழுதான்.

மேசைக்கு அடியில் புகுந்திருந்த ஆலோசகர், "என்ன சொல்கிறான்?" என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

"வீட்டில் கை வைத்தால் உங்களை உயிரோடு விடமாட்டானாம்" என்றேன்.

அவர் முகம் வெளுத்தது. பார்க்க எனக்கு இனித்தது. உடனே அவர் பொலிஸைக் கூப்பிட்டு அதைச் சொன்னார். ஜூட்டை அடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். ஜீப்பில் ஏற்றும்போதும் அவன் என்னைப் பார்த்துத்தான் கத்தினான்.

"மிஸ், நான் சொன்னத அந்த வெள்ளைக்காரனுக்கு இங்கிலீசுல சொல்லுங்க!"

அவனுடைய சட்டையை நெற்றியில் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.