நேராகச் செருகிய காலிக் குழல்

விர்ஜீனியா போர்முனை, அக்டோபர் 1864

அன்பு எலெக்டா,

நீயும் பிள்ளையும் சுகமா? உன் இருமல் நின்றதா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

காலி ஜாடியைத் திரும்ப அலமாரியிலேயே வைக்கிறேன் என்று திட்டுவாயே, அந்தப் புத்தி இங்கேயும் போகவில்லை. எங்கள் துப்பாக்கி விடாமல் ஏழு முறை சுடும். பிறகு தோளில் தொங்கும் பெட்டியிலிருந்து ஒரு தகரக் குழலை உருவி, அதிலுள்ள ஏழு தோட்டாக்களைத் துப்பாக்கிக் கட்டைக்குள் கொட்ட வேண்டும். தொட்டதும் காலி என்று தெரிய, காலிக் குழலைத் தலைகீழாகப் பெட்டியில் செருகுவது எங்கள் வழக்கம். செவ்வாய்க்கிழமை ஓடைக்கரைச் சண்டையில், பதற்றத்தில் காலியானதை எல்லாம் நேராகவே செருகிவிட்டேன். அடுத்து உருவியது காலி. அதற்கடுத்ததும் காலி. எதிரே ஓடி வந்தவன் சட்டையில் ஒரு பொத்தான் இல்லாததுகூடத் தெரிந்தது.

"என்னடா ஓரின், கோழி முட்டையா தேடுற? இந்தா, புடி," என்று பக்கத்திலிருந்த டொபையஸ் தன் குழலை நீட்டினான். பிழைத்தேன்.

நிறைந்த குழல்களில் அடையாளம் கட்டச் சிவப்பு நூல் அனுப்பு. சாப்பிடும்போதுகூடக் கை பெட்டிக்குள் போய்த் தடவிப் பார்க்கிறது. இருபது குழலுக்குப் போதுமான நூல் வேண்டும், டொபையஸின் பெட்டியும் இப்போது என்னிடம்தான்.

அவன் அம்மாவுக்குச் செய்தி வந்திருக்கும். கொஞ்ச நேரம் அவர்களோடு போய் உட்கார்ந்திரு. சேணம் பூட்டச் சொல்கிறார்கள், முடிக்கிறேன். எனக்குக் கொடுத்தது அவனுடைய கடைசிக் குழல் என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன் ஓரின்