சட்டைப் பையில் பூட்டு

ஜூன் 9

அன்புள்ள நர்ஸ் அக்காவுக்கு,

வணக்கம். இலவசமாக வேனில் வந்து எங்கள் ஊர்ப் பிள்ளைகளைப் பார்க்கிறீர்கள். அதற்கு முதலில் நன்றி. நன்றி சொன்ன கையோடு ஒரு குற்றத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. குற்றம் எங்கள் வீட்டில்தான்.

நேற்று தம்பியின் அட்டையில் எடை சரி என்று பச்சைப் புள்ளி வைத்தீர்களே, அது பொய். அவன் மூன்று சட்டை போட்டிருந்தான். நடுச் சட்டையின் பையில் எங்கள் கதவுப் பூட்டு இருந்தது. அம்மாதான் வைத்தார். போன மாதம் ஒரு பிள்ளையின் எடையை நீங்கள் உரக்கச் சொன்னதும் வரிசையில் யாரோ "எலிக்குஞ்சு" என்று சிரித்தார்கள். தம்பியையும் அப்படிச் சொல்வார்களோ என்று அம்மாவுக்குப் பயம்.

தம்பிக்கு ஒன்றரை வயது. இன்னும் நிற்பதில்லை. இப்போது அழுவதுகூட மெதுவாகத்தான். நான் எழுதியது தெரிந்தால் அம்மா என்னோடு பேசவே மாட்டார். ஆனாலும் எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
வரிசையில் புத்தகம் படித்துக்கொண்டிருந்த எட்டாம் வகுப்புப் பெண்

*

ஜூன் 12

சின்ன வாத்தியாரம்மாவுக்கு,

டிரைவர் அண்ணன் உன் கடிதத்தைச் சாப்பாட்டுப் பையில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்தார். ஓரத்தில் கொஞ்சம் எண்ணெய், அவ்வளவுதான்.

தப்பு என்னுடையது. சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் நிறுக்க வேண்டும். அன்று தூறல், குளிரில் நடுங்குவார்களே என்று விட்டுவிட்டேன். அட்டை எழுதுபவர் வேனுக்குள் இருப்பதால் எடையைக் கத்திச் சொல்வதும் என் வழக்கம்.

வெள்ளிக்கிழமை வருகிறோம். தராசில் கோளாறு, எல்லோரையும் மறுபடி நிறுக்க வேண்டும் என்பேன். எந்தப் பிள்ளைக்கும் சட்டை கிடையாது. உன் பேச்சு என் வாயில் வராது. இதைப் படித்ததும் கிழித்துவிடு.

அன்புடன்,
நர்ஸ் அக்கா

*

ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

கிழிக்கவில்லை. எனக்கு வந்த முதல் கடிதம் அது. பூகோளப் புத்தகத்தில் வைத்திருந்தேன். மறுபடி நிறுத்துவிட்டு நீங்கள் தம்பியை உங்கள் இலவச ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்ன அன்று, துணி எடுத்துவைக்கும்போது அம்மா அதைப் பார்த்துவிட்டார். "நல்லா இருக்குடி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். இரண்டு வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து போனில் சித்தியோடுதான் பேசினார், என்னோடு இல்லை.

நேற்று சித்தி என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். தம்பி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் உள்ளே போகவில்லை. அம்மா என்னைப் பார்க்காமலே சொன்னார்: "அவனே எழுந்து நிக்கிறான். நீ ஏன் வாசல்லயே நிக்கிற? உள்ள வா."

உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை.

நன்றியுடன்,
சின்ன வாத்தியாரம்மா

*

ஜூலை 20

சின்ன வாத்தியாரம்மாவுக்கு,

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது உன் அம்மா என்னிடம், "எடையக் கத்தாதீங்க சிஸ்டர். கத்தினா நாங்க பூட்டைத்தான் வைப்போம்" என்றார். பதினோரு வருஷ வேலையில் யாரும் எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை. இனித் திரைக்குப் பின்னால்தான் நிறுப்போம். அந்தத் திரைக்குள் உன் அம்மாவே நிற்கட்டும். பயிற்சி உண்டு, சம்பளமும் உண்டு. நீதான் பேசிச் சம்மதிக்க வைக்க வேண்டும்.

எனக்கு வேறு ஊர்களை ஒதுக்கிவிட்டார்கள். இனி வேறொரு சிஸ்டர் வருவார். நல்லவர், கொஞ்சம் கோபக்காரர்.

அன்புடன்,
நர்ஸ் அக்கா

*

ஆகஸ்ட் 18

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவுக்கு நேற்றுதான் வேலையில் முதல் நாள். இருபத்திரண்டு பிள்ளைகள். யார் எவ்வளவு எடை என்று கேட்டேன். "உனக்கெதுக்கு அதெல்லாம்? பாடத்தைப் படி" என்றார். புது சிஸ்டரையே "மெதுவாப் பேசுங்க" என்று அதட்டினாராம். தம்பி நடக்கிறான். நடந்து வந்து என் புத்தகங்களைக் கிழிக்கிறான்.

நீங்கள் வராதது எனக்குத்தான் வருத்தம். இதை எழுத உட்கார்ந்ததும் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நான் சொல்றத எழுது. உன் சரக்கு எதையும் சேர்க்காத" என்றார். சேர்க்கவில்லை. அவர் சொன்னது இவ்வளவுதான்:

"சிஸ்டர், அன்னிக்கு என் பிள்ளை சட்டைய மட்டும் கழட்டச் சொல்லியிருக்கலாம். எல்லாப் பிள்ளைங்க சட்டையும் கழட்டினீங்க. எதுக்குன்னு எனக்குத் தெரியும்."

இப்படிக்கு,
அம்மாவும் நானும்