சத்தியம் செய்வதற்கு முன்

ஈப்போ, 9 மார்ச் 1926

ஆம்புரோஸைச் சர்க்கார் ஆட்கள் நேற்று இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். கூலியைக் குறைத்ததற்காக ஒரு தோட்டத்தில் கூட்டம் போட்டுப் பேசினான், அவ்வளவுதான். பதினெட்டு வருஷமாக இங்கே மளிகைக் கடை வைத்திருந்தவன். கடையைப் பூட்டக்கூட நேரம் தரவில்லையாம்.

நான் யார் வம்புக்கும் போகாதவன். போகாவிட்டால் மட்டும்? ஒரு காகிதம் போதாதா என்னையும் அனுப்ப? பழஞ்சாக்கு பொறுக்கித் தைத்து விற்றவன் நான். இன்று கோப்பெங் ஈயச் சுரங்கங்களில் பாதிக்கு என் சாக்குதான் போகிறது.

12 மார்ச்

பத்து காஜா ஊர்க் கோர்ட்டு வாசலில் மனு எழுதும் அலெக்சாண்டரைப் பார்த்தேன். என்னைத் தவுக்கே, முதலாளி என்றுதான் கூப்பிடுவான். வழி இருக்கிறதாம். இந்தச் சீமையை ஆளும் பேராக் சுல்தானின் பிரஜையாகச் சத்தியம் செய்துகொள்ளலாம்.

"அந்தப் பேப்பர் இருந்தா உங்கள லேசுல தூக்கிக் கப்பல்ல போட முடியாது தவுக்கே. ஆனா அப்புறம் இந்தியாவ ஊர் ஊர்னு பேசக்கூடாது. இனிமே இதுதான் உங்க ஊரு லா."

எழுது என்றேன்.

13 மார்ச்

வீட்டில் பெண்சாதியிடம் சொன்னேன். இருதயமேரி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சுல்தான் ஆளாகணும்னா வேதம் மாறணும்ல? இந்த வயசுல உங்களுக்குச் சுன்னத்து கேக்குதா?"

சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

14 மார்ச்

மாதா படத்தைச் சேலையில் சுற்றி எடுத்துக்கொண்டு, கோப்பெங்கில் இருக்கும் தன் அக்காள் எல்ஸி வீட்டுக்குப் போய்விட்டாள்.

16 மார்ச்

சோறு குழைந்துவிட்டது. பிள்ளை குட்டியும் இல்லாத வீடு. சத்தமே இல்லை.

20 மார்ச்

அலெக்சாண்டரைக் கையோடு கூட்டிக்கொண்டு கோப்பெங் போனேன். அவனும் மாதா கோயிலுக்குப் போகிறவன். வேதத்தில் யாரும் கை வைக்க மாட்டார்கள், பைபிளைத் தொட்டே சத்தியம் செய்யலாம் என்று விளக்கினான்.

"நல்ல வேளை தம்பி, நீங்க வேதம் மாறி வந்தா சோறு போடத் தனித்தட்டு வாங்கணுமேன்னு இருந்தேன்" என்றாள் எல்ஸி என்னிடம். இருதயமேரி சிரிக்கவில்லை. மனுவைப் படிக்கச் சொன்னாள். படித்தான்.

"இதுல நான் எங்க கையெழுத்துப் போடணும்?"

"வேண்டாங்கக்கா. புருஷன் பிரஜையானா பெண்சாதியும் ஆனமாதிரிதான்."

"ஓ. மூட்டை போற எடத்துக்குச் சாக்கும் போயிரும். அப்படித்தானே?"

அவன் மனுவை மடித்துப் பைக்குள் வைத்தான்.

21 மார்ச்

சாக்கை உதறிப் பார்க்காமல் நான் வாங்கியதில்லை. கிழிசலைக் காட்டாமல் விற்றதுமில்லை. இவளிடம்? 1909இல் கூட்டி வரும்போது "ரெண்டே வருஷம், திரும்பிடலாம்" என்றேன். அதற்கப்புறம் ஒவ்வொரு பெரிய நாளுக்கும் "அடுத்த வருஷம்". எனக்குத் தெரியும், போக மாட்டேனென்று. பொய்தான், வேறென்ன? அவள் அம்மா நாகப்பட்டினத்தில் இன்னும் இருக்கிறாள். இவள் என் பேச்சை நம்பி உட்கார்ந்திருந்தாள்.

27 மார்ச்

எல்ஸி வீட்டுக் கொல்லையில் பேசி முடித்தோம். அம்மாவைப் பார்க்க நாகப்பட்டினம் போக வர இரண்டுக்கும் டிக்கெட் எடுக்கிறேன் என்றேன்.

"வர்றதுக்கு வேண்டாம். வரணும்னு எனக்குத் தோணுச்சுன்னா வளையல வித்து வாரேன்."

இத்தனை வருஷ வியாபாரத்தில் இப்படியொரு கறாரான ஆளை நான் பார்த்ததில்லை. ஒத்துக்கொண்டேன்.

போக மட்டும் ஒரு டிக்கெட். ஆறு மாதம் அம்மாவோடு இருப்பாள். வா என்று நான் கடிதம் எழுதக் கூடாது. அதுவரை மனு அலெக்சாண்டர் பெட்டியில் இருக்கும். அவள் பினாங்கில் வந்து இறங்கினால், இரண்டு பேருமாகப் பத்து காஜா போய்ச் சத்தியம். இறங்காவிட்டால் மனுவைக் கிழித்துப் போட்டு, கடையை விற்றுவிட்டு, அடுத்த கப்பலில் நான் நாகப்பட்டினம் போக வேண்டும்.