நீலக் குளத்து கேக்

பிப்ரவரி 4, ஞாயிறு

என் மகள் ஹேசலுக்குப் பதினேழாம் தேதி ஏழு வயது ஆகிறது. இன்று காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள். வெண்ணெய் தடவி வண்ணச் சர்க்கரை மணி தூவிய தேவதை ரொட்டி வேண்டும், முக்கோணமாக வெட்டியது, ஓரம் நீக்காதது. குட்டிச் சாசேஜ், தக்காளி சாஸ். தண்ணீர் பலூன். பொட்டலம் கைமாற்றும் விளையாட்டு. நீச்சல்குள கேக்.

நீச்சல்குள கேக்கை மட்டும் நான் தொடக்கூடாதாம். "அது அம்மா செய்யறது. அம்மாதான் வர்றாங்களே."

அவள் அம்மா ரெனே போன வருடம் குளிர்காலத்தில் வடக்கே டார்வினுக்குப் போனவள். விடுதி ஒன்றில் வேலை. திரும்பி வருகிறேன் என்று எத்தனை முறை சொன்னாள் என்று எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். ஹேசல் விடவில்லை.

பிப்ரவரி 6, செவ்வாய்

பிப்ரவரிக் கோடை, நாற்பத்திரண்டு டிகிரி. பழக் கொட்டகையில் நாளெல்லாம் பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

சாயங்காலம் ரெனேயை அழைத்தேன். டிக்கெட் போட்டாயா என்று கேட்டேன். "போடறேன் கிளென். நீ ஏன் எப்பவும் போலீஸ்காரன் மாதிரியே கேக்குற?" என்றாள். கேக்கை நான் செய்து வைக்கட்டுமா என்றேன். "வேணாம், வேணாம். சனிக்கிழமை காலைல நான் வந்து செஞ்சுக்கறேன். அதெல்லாம் உனக்கு வராது."

அது உண்மைதான். எனக்கு வராது.

பிப்ரவரி 9, வெள்ளி

அம்மா வருவதை ஹேசல் பள்ளியில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். வாசலில் அவள் வகுப்பு ஆர்ச்சியின் அம்மா ட்ரூடி என்னைப் பார்த்து, "ரெனே வர்றாளாமே! சந்தோஷம்" என்றாள். நான் தலையை ஆட்டினேன். வேறென்ன செய்ய?

பிப்ரவரி 12, திங்கள்

பொட்டலம் கட்டினோம். பழைய செய்தித்தாள், ஒவ்வொரு சுற்றுக்குள்ளும் ஒரு ஜெல்லித் தவளை மிட்டாய். பாட்டு நிற்கும்போது பொட்டலம் யார் கையில் இருக்கிறதோ அவர் ஒரு சுற்றைப் பிரிக்க வேண்டும். என் காலத்தில் நடுவில் ஒரே பரிசுதான், கிடைத்தவன் ராஜா, மற்றவன் அழுதுகொண்டே வீட்டுக்குப் போவான். இப்போது எல்லாப் பிள்ளைக்கும் ஏதாவது கிடைத்தாக வேண்டும். அதற்காகப் பாட்டை நிறுத்துகிறவர் திருட்டுத்தனமாகப் பார்த்துப் பார்த்து நிறுத்த வேண்டும். அது எல்லோருக்கும் தெரியும், பிள்ளைகள் உட்பட.

நடுவில் வைக்கும் பரிசை ஹேசலே உள்ளே போய்ச் சுற்றிக்கொண்டு வந்தாள். என்ன என்று காட்டவில்லை.

"கடைசி சுத்து அம்மாவுக்கு. அம்மா என் பக்கத்துல உக்காருவாங்க. அவங்க கைக்கு வரும்போது பாட்டை நிறுத்திடு, சரியா?"

"பெரியவங்க யாரும் விளையாட மாட்டாங்களேடா."

"அம்மா விளையாடுவாங்க."

பிப்ரவரி 15, வியாழன்

ரெனே போனை எடுக்கவில்லை.

பிப்ரவரி 16, வெள்ளி

இன்றும் எடுக்கவில்லை. டார்வினிலிருந்து அடிலெய்டுக்கு வந்து, அங்கிருந்து மூன்று மணி நேரம் காரில் வர வேண்டும். வருகிறவள் இந்நேரம் கிளம்பியிருக்க வேண்டும்.

ஹேசல் தூங்கட்டும் என்று காத்திருந்து கேக்கை நானே செய்தேன். சாக்லெட் கேக் கடையில் வாங்கியது. சுற்றிலும் விரல் பிஸ்கட்டை வேலிபோல நட்டேன், மேலே நீல ஜெல்லி ஊற்ற வேண்டும். ரெனே அன்னாசி வளையங்களை மிதக்க விடுவாள், மிதவை டயராம் அது. நான் நல்ல பழமாகப் பார்த்து, முழு அன்னாசி வாங்கி, தோல் சீவி வளையமாக வெட்டினேன். டின்னில் வருவதைவிடப் புதியது உசத்திதானே? ஜெல்லி கிண்ணத்தில் போட்டு உறைய வைத்தேன்.

ஒன்றாவது ஒழுங்காக நடக்கட்டும்.

பிப்ரவரி 17, சனி

எங்கிருந்து ஆரம்பிக்க.

காலையில் ஹேசல் பால் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றாள்.

"நீ எதுக்குச் செஞ்ச?"

"சும்மா ஒரு... ஒருவேளை அம்மாவுக்கு லேட்டாச்சுன்னா..."

"அம்மா வர மாட்டாங்கன்னு நீ நெனைக்கிற. எப்பவும் அப்படித்தான் நெனைக்கிற. நீ நெனைச்சா அப்படியே ஆயிடும்!"

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஜெல்லி உறையவே இல்லை. நீலத் தண்ணீரில் அன்னாசி மிதந்துகொண்டிருந்தது. அதையும்தான் நான் சரியாகச் செய்யவில்லை.

பக்கத்து வீட்டு பெவ் மேசை கொண்டுவந்தவர் கிண்ணத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "ஏம்பா கிளென், புது அன்னாசியப் போட்டா ஜெல்லி ஜென்மத்துக்கும் உறையாது. டின் பழம்தான் போடணும். ஊருக்கே தெரியுமே இது!"

"எனக்குத் தெரியாது பெவ்."

என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "அவ வரலையா?"

போனை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தேன். அவர் பாட்டுக்கு ரொட்டிக்கு வெண்ணெய் தடவத் தொடங்கினார். நான் வண்ணச் சர்க்கரை மணிகளைத் தூவினேன்.

பத்து மணிக்குப் பிள்ளைகள் வந்தார்கள். ஹேசல் நீச்சல் உடையில் வெளியே வந்தாள், கண் சிவந்திருந்தது. தோட்டத்தில் தண்ணீர் பீய்ச்சும் குழாயைத் திறந்துவிட்டேன், எல்லோரும் அதற்குள் ஓடினார்கள். அவளும் ஓடினாள். ஆனால் கார் சத்தம் கேட்கும்போதெல்லாம் நின்றாள். எங்கள் தெருவில் சனிக்கிழமை இவ்வளவு கார் போகுமா? இன்றுதான் தெரிந்தது.

சாசேஜ் கொதித்துக்கொண்டிருந்தபோது ரெனேயிடமிருந்து செய்தி வந்தது. 'இங்கே பயங்கர மழை. விமானம் ரத்து. அவளிடம் சொல்லிவிடு. அடுத்த மாதம் கண்டிப்பாக.' போனில் டார்வின் விமான நிலைய இணையப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். எல்லா விமானமும் நேரத்துக்குக் கிளம்பியிருந்தது.

ஹேசலைத் தனியாக அழைத்துச் சொன்னேன். மழை என்றுதான் சொன்னேன். விமானப் பக்கத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அவள் ஈரத் தலையோடு கேட்டுக்கொண்டாள். பிறகு போய் மற்றவர்களிடம் தானே சொன்னாள்: "எங்க அம்மா பிளேன் வரலை. அங்க வெள்ளம். வீதியில முதலையெல்லாம் வந்துடுச்சாம்." பிள்ளைகள் முதலையைப் பற்றியே பேசினார்கள்.

பொட்டலம் விளையாட வட்டமாக உட்கார்ந்தார்கள். தன் பக்கத்தில் ஓர் இடம் விட்டிருந்தாள். யாரையும் அங்கே உட்கார விடவில்லை. நான் பாட்டைப் போட்டேன், பார்த்துப் பார்த்து நிறுத்தினேன், எல்லோருக்கும் ஒரு தவளை. கடைசிச் சுற்று வந்தது. எங்கே நிறுத்த? பொட்டலம் அந்தக் காலி இடத்தைத் தாண்டித் தாண்டிப் போயிற்று. நான் நிறுத்தவில்லை. "என்ன மிஸ்டர், தூங்கிட்டீங்களா?" என்று ஒரு பெண் கத்தினாள். பாட்டே முடியப் போகிறது, என் விரல் அசையவில்லை.

ஹேசல் என்னைப் பார்த்தாள். நகர்ந்து காலி இடத்தில் தானே உட்கார்ந்தாள். பொட்டலம் ஆர்ச்சியின் கைக்கு வந்தபோது, "நிறுத்துப்பா" என்றாள்.

ஆர்ச்சி பிரித்தான். மணி கோத்த கைவளையல். எழுத்து மணிகளில் 'அம்மா' என்று இருந்தது.

"இது எனக்கில்லையே," என்றான் அவன்.

"பரவால்ல, வச்சுக்கோ. உங்க அம்மாவுக்குக் குடு."

அவன் சரி என்று பையில் போட்டுக்கொண்டான். நான் சாசேஜைப் பார்க்கப் போவதுபோல் உள்ளே போனேன். பெவ் என்னைப் பார்க்காமல் முகம் துடைக்க ஒரு துண்டை நீட்டினார்.

நீலத் தண்ணீரைக் கிண்ணங்களில் ஊற்றி, கேக்கை உடைத்துப் போட்டுக் கொடுத்தோம். குளம் உடைந்துவிட்டது என்று பிள்ளைகள் கும்மாளமிட்டு நாக்கெல்லாம் நீலமாகச் சாப்பிட்டார்கள். ஹேசல் சாப்பிடவில்லை. மெழுகுவர்த்தியை மட்டும் ஊதினாள், என்ன வேண்டிக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு

தோட்டம் முழுக்க பலூன் கிழிசல். ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன்.

மார்ச் 5, செவ்வாய்

பள்ளி வாசலில் ட்ரூடி. கையில் அந்த வளையல். "குளிக்கும்போதுகூட கழட்ட விட மாட்டேங்கிறான்," என்றாள். ஹேசலும் பார்த்தாள். "நல்லா இருக்கு," என்றாள்.

மார்ச் 24, ஞாயிறு

ரெனே அழைத்தாள். இந்த மாதம் முடியவில்லையாம். அடுத்த பிறந்தநாளுக்கு நிச்சயமாம், பெரிய குளமாகச் செய்து தருகிறாளாம், பேச்சு வெளியே கேட்டது. "சரிம்மா," என்றாள் ஹேசல். "சரி. உங்களுக்கு வேலை இருக்கும். வச்சிடறேன்." முன்பெல்லாம் போனைப் பிடுங்கினாலும் தர மாட்டாள்.

அவள் காத்திருப்பதை நிறுத்த வேண்டும் என்று இத்தனை மாதம் நினைத்தவன் நான்தான். நிறுத்திவிட்டாள். இது இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

தட்டு கழுவிக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

"அப்பா, அடுத்த வருஷம் ரயில் கேக் பண்ணலாமா? அது உனக்கு வருமா?"

வரும் என்றேன்.