ஹீட்டரை அணைத்த பிறகு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் உன் கேப்டனும் நலமா என்று கேட்கத்தான் கை வருகிறது. ஆனால் தலை வலிக்கிறது, தூக்கமாக வருகிறது என்று மதியம் நீ உங்கள் விண்கலத்தின் விளக்கை அணைத்து அணைத்துச் சொன்ன பிறகு அதை எப்படிக் கேட்பது? தூங்கிவிடாதே. கேப்டனையும் தூங்க விடாதே.

காற்றைச் சுத்தம் செய்யும் உங்கள் இயந்திரம் மறுபடி ஓடுவதற்குப் புது ப்ரோகிராம் இங்கே தயார். உங்கள் ரேடியோ செத்துப்போனதால் அதை எங்கள் டெலஸ்கோப் வழியாக லேசரில்தான் அனுப்பியாக வேண்டும். வழக்கமாக முதலில் வெறும் எண்களை அனுப்பி, கற்றை நிலையாக நிற்கிறதா என்று பார்ப்போம். எண் கெட்டுப்போனால் அவனுக்கு எப்படித் தெரியும், நீயே ஏதாவது எழுதும்மா, எழுத்தில் ஓட்டை விழுந்தால் படிக்கும்போதே தெரிந்துவிடும் என்று எங்கள் தலைமைப் பொறியாளர் சொன்னார். அதனால் ப்ரோகிராமுக்கு முன்னால் இந்தக் கடிதம் வருகிறது.

இன்று இரண்டு முறை நீங்கள் எங்கள் தலைக்கு மேல் போனீர்கள். இரண்டு முறையும் கற்றை உங்கள் மேல் நிற்காமல் ஆட்டம் போட்டது. உனக்குத் தெரியாததா? எரிகிற அடுப்புக்கு மேலே பார்த்தால் சுவர் நெளியுமே, அப்படித்தான் சூடான காற்றில் வெளிச்சமும் நெளியும். அந்த நெளிவை அளந்து அதற்கு ஏற்ப வளைந்துகொடுக்கும் கண்ணாடி என் பொறுப்பு. கண்ணாடியைச் சந்தேகப்பட்டேன், மேகத்தைத் திட்டினேன், எதற்கும் இருக்கட்டும் என்று உன்னையும் திட்டினேன். வெளியே காற்று அசையவே இல்லை. கடைசியில்தான் டெலஸ்கோப்புக்குக் கீழே பார்த்தேன். அங்கே அம்மா உட்கார்ந்திருந்தாள்.

காலையில் வந்தவள் அந்த அறையை விட்டு நகரவில்லை. இந்த ஓட்டை வழியாகத்தானே என் பிள்ளைக்குச் சேதி போகுது, நான் இங்கேயே இருக்கேன் என்று ஒரே பிடிவாதம். கூரை திறந்த அறை, குளிர் எலும்பு வரை இறங்கும். யாரோ பாவம் பார்த்து நாற்காலி போட்டு, காலடியில் ஹீட்டரும் வைத்திருக்கிறார்கள். சூடு நேராக எழும்பிக் கற்றையில் கலந்திருக்கிறது. தீக்குச்சிகூடக் கொளுத்தக் கூடாத அறை அது. நாங்கள் எல்லோரும் அம்மாவின் முகத்தைத்தான் பார்த்தோம், காலடியைப் பார்க்கவில்லை.

ஹீட்டரை அணைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். அம்மா செருப்பைக்கூடப் போடாமல் எழுந்தாள். வாசலுக்குப் போனதும், என் மூச்சுக்காத்து பட்டாக்கூடக் கெட்டுடுமாடி என்று மட்டும் கேட்டாள். கெடாதும்மா என்றேன். நம்பவில்லை போலிருக்கிறது, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டே வெளியே போனாள்.

இப்போது மின்விசிறி வைத்து அறையை ஆற்றிக்கொண்டிருக்கிறோம். சுவர் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறதடா. இந்தச் சுற்றையும் விட்டால் நீங்கள் மறுபடி இந்தப் பக்கம் வர விடிந்துவிடும். அதுவரை உங்கள் காற்று தாங்காது என்கிறார் டாக்டர். இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்றார்கள். நீயோ பள்ளிக்கூட பஸ்ஸைத் துரத்திப் பிடித்தே பழகியவன். இந்த பஸ் உனக்காக நிற்காது, அதனால்தான் சொல்கிறேன்.

இந்த வரி வரைக்கும் ஓர் எழுத்தும் உடையாமல் வந்திருந்தால் விளக்கை மூன்று முறை அணைத்துக் காட்டு. உடனே ப்ரோகிராமை அனுப்புகிறோம்.

அம்மா கார் நிறுத்துமிடத்தில் வெறுங்காலோடு நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். உன் விளக்கு அணைந்து எரிவதை அங்கிருந்தே பார்த்துவிடலாம் என்று நினைக்கிறாள். அது எங்கள் கருவிக்கு மட்டுமே தெரியும், கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் என்று நான் சொல்லவில்லை. நீ காட்டினால், உள்ளேயிருந்து நான்தான் ஓடிப்போய் அவளிடம் சொல்ல வேண்டும்.

நீ நன்றாக இருக்க வேண்டும். என்னை ஓட வைடா.

உன் அக்கா