இடப்பக்கத்து மேசைகள்

ஜூன் 3, செவ்வாய்

நூலக மாடி அறையில் டிசைன் வகுப்பு. ஆறு மேசை, பன்னிரண்டு பேர். பசையே இல்லாமல், வெறும் அட்டையை மடித்து ஒரு செங்கல்லைத் தாங்கும் பாலம் செய்யச் சொன்னேன். பஸ் ஓட்டுநரின் பாலம் மூன்றைத் தாங்கியது. நான்காவதையும் அவரே வைத்தார், சரிந்தது. "இப்பத்தானே எவ்வளவு தாங்கும்னு தெரியுது" என்றார். இதைத்தான் முதல் வகுப்பிலிருந்து தொண்டை வற்றச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பொம்மைக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் டிசைன் செய்ததைவிட, சொல்லிக் கொடுப்பது எனக்கு நன்றாக வருகிறது. தற்பெருமை இல்லை. சரி, கொஞ்சம் உண்டு.

ஜூன் 6, வெள்ளி

முன்வரிசைத் தையல்காரம்மா மட்டும் ஒட்டாமலே இருக்கிறார். கை அருமையான கை. கத்தரிக்கோல் அவர் சொன்ன பேச்சைக் கேட்கிறது. வாயைத்தான் திறப்பதில்லை. நான் எவ்வளவு சொன்னாலும் செவிடன் காதில் ஊதிய சங்கு.

ஜூன் 10, செவ்வாய்

தையல்காரம்மா வரவில்லை.

ஜூன் 13, வெள்ளி

இன்றும் இல்லை. சிலருக்கு இது ஒத்துவராது. போகட்டும்.

கடைசிப் பயிற்சியைக் கொடுத்துவிட்டேன். ஒரே ஓர் ஆளை எடுத்துக்கொள்ளுங்கள். என்ன வேண்டும் என்று கேட்காதீர்கள். எங்கே தடுமாறுகிறார் என்று பாருங்கள். அதற்கு ஏதாவது செய்யுங்கள். எல்லோரும் மாமனார், தங்கை, பக்கத்து வீட்டுக்காரர் என்று சொன்னார்கள். ஓட்டுநர் மட்டும், "காட்டும்போது சொல்றேன் மேடம்" என்றார்.

ஜூன் 24, செவ்வாய்

எழுதவே பிடிக்கவில்லை. ஆனாலும்.

எல்லோரும் போன பிறகு ஓட்டுநர் ஒரு தாளை விரித்தார். எங்கள் வகுப்பறையின் படம். ஆறு மேசையிலும் பென்சில் கோடுகள்.

"உங்களைத்தான் எடுத்துக்கிட்டேன் மேடம். ரெண்டு வகுப்பு எண்ணினேன். உங்க வலப்பக்கத்து மேசைங்கள்ல ஒன்பது கேள்வி, ஒன்பதுக்கும் பதில் சொன்னீங்க. இடப்பக்கத்துல பதினொண்ணு. பதில் ரெண்டுக்குத்தான். அதுவும் நீங்க அந்தப் பக்கம் திரும்பி நின்னப்ப."

அறையில் இரைச்சல் அதிகம் என்றேன்.

"தையல்காரம்மாவும் அந்தப் பக்கம்தான் இருந்தாங்க. நான் அவங்களுக்குப் பின்னாடி மேசை. மூணு தடவை கேட்டாங்க, நீங்க திரும்பவே இல்ல. அப்புறம்தான் வர்றத நிறுத்திட்டாங்க."

"மத்தவங்க ஒண்ணும் சொல்லலையே?"

"பக்கத்துல இருக்கறவங்கள கேட்டுக்கிட்டாங்க."

என்ன தைரியம் இந்த மனுஷனுக்கு. எனக்கே பாடம் எடுக்க வந்துட்டாரு — இல்லை, பாருங்கள் என்று சொன்னவள் நான்தானே? சரியாகப் பார்த்திருக்கிறார். வகுப்பிலேயே நல்ல வேலை இதுதான். அதுதான் வயிற்றெரிச்சல்.

ஜூன் 25, புதன்

என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்: "எனக்கு இடது காது மந்தமா இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "எட்டு வருஷமா எந்தத் தெருவுல போனாலும் உனக்கு வலப்பக்கமாவே நடக்கறேனே, எதுக்குன்னு நினைச்ச?"

"சொல்லியிருக்கலாம்ல?"

"ரெண்டு தடவை சொன்னேன். இடப்பக்கமா நின்னு சொல்லிட்டேன் போல."

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வெங்காயத்தின் மேல் பழி போட்டேன்.

ஜூன் 26, வியாழன்

காது டாக்டர். இடது காதில் பாதிக்கு மேல் போய்விட்டது; மெஷின் வைத்தால் சமாளிக்கலாம் என்றார். "இத்தனை நாள் எப்படிச் சமாளிச்சீங்க?" நான் சமாளிக்கவில்லை, டாக்டர். மற்றவர்கள் என்னைச் சமாளித்தார்கள்.

ஜூன் 28, சனி

தையல் கடைக்குப் போனேன். பள்ளிச் சீருடைக்கு மடிப்புத் தைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன்: காது விஷயம், தப்பு என்னுடையது என்பது, எல்லாம். சங்கை ஊதியவர் அவர், செவிடு நான்.

தையல் மெஷினை நிறுத்தினார். "எட்டாங்கிளாஸ் படிச்சவகிட்ட என்ன பேச்சுன்னு இருக்கீங்கன்னு நினைச்சேன்."

"ஐயோ, இல்லம்மா. அன்னிக்கு என்ன கேட்டீங்க?"

"துணியில இழை ஓடற திசை பார்த்து வெட்டற மாதிரி, அட்டையிலயும் இழை பார்த்துத்தான் மடிக்கணுமான்னு கேட்டேன்."

பன்னிரண்டு பேரில் வேறு யாருக்கும் தோன்றாத கேள்வி. பாலம் நிற்பதும் விழுவதும் அதில்தான் இருக்கிறது.

"ஆமா. பார்த்துத்தான் மடிக்கணும்."

"அப்ப நான் நினைச்சது சரிதான்" என்று நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். பிறகு முக்காலியை என் பக்கம் தள்ளினார்.

ஜூலை 1, செவ்வாய்

வகுப்பில் சொல்லிவிட்டேன். நூலகரிடமும் சொன்னேன், வேலை போய்விடும் என்று நேற்றெல்லாம் ஒரு பயம். அவர், "அதுக்கென்ன மேடம், மேசையைத் திருப்பிப் போட்டா போச்சு" என்று தானே ஒரு முனையைத் தூக்கினார். மேசைகள் இப்போது அரைவட்டம்.

தையல்காரம்மா ஐந்து நிமிஷம் தாமதமாக வந்தார். வந்தார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

புதிய குழு. பதினான்கு பேர். துணி வேலை வாரங்களுக்குத் தையல்காரம்மாதான் ஆசிரியை; நூலகர் பலகையில் அவர் பெயரை என் பெயருக்குக் கீழே எழுதியிருந்தார். அழித்து, பக்கத்தில் எழுதச் சொன்னேன்.

காதில் மெஷின் போட்டு இரண்டு வாரம். கத்தரிக்கோல் இவ்வளவு சத்தம் போடும் என்று எனக்குத் தெரியாது.

இடப்பக்கக் கடைசியிலிருந்து ஓர் ஆள் மெதுவாக ஏதோ கேட்டார். கேட்டது. அவ்வளவு நல்ல கேள்வி இல்லை. பதில் சொன்னேன்.