முப்பத்துமூன்றா, நாற்பத்தைந்தா

மார்ச் 4

அன்புள்ள கமாவுக்கு,

நலமா? இன்னும் அச்சகத்தில்தான் பிழை திருத்துகிறாயா? நான் நலம், இடது தோள்பட்டையைத் தவிர. நாம் பிரிந்து பதினாறு வருடம். என் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமலே குப்பையில் போட்டிருப்பாய். பிரித்திருந்தால் உள்ளே ஒரு குறுந்தட்டு இருக்கும். என் புது டெக்னோ ஆல்பம். பல பேருடைய இசைத்தட்டுகளை ஒன்றோடொன்று கோத்திருக்கிறேன். எழுபத்தாறு நிமிடம், இடையில் எங்கும் நிற்காது. முதல் பதினோரு நிமிடம் வெறும் அடிதான். பாட்டு இல்லை, ராகம் இல்லை. பொறுமை இல்லாதவனுக்காக இதைச் செய்யவில்லை.

கேட்டவர்கள் எல்லாரும் ஆகா ஓகோ என்கிறார்கள். அதனாலேயே எனக்கு நம்பிக்கை வரவில்லை. வெளியிடுபவர் மட்டும் ஐம்பத்திரண்டாம் நிமிடத்திலிருந்து ஒன்பது நிமிடத்தை வெட்டச் சொல்கிறார். "யார் போட்டதுன்னே தெரியாத தட்டு. நாளைக்கு எவனாவது உரிமை கேட்டு வந்து நின்னா நான் என்ன செய்யறது?" என்கிறார். எனக்கோ அந்த ஒன்பது நிமிடத்துக்காகத்தான் மீதி அறுபத்தேழும். முகத்துக்கு நேராகச் சொல்கிறவள் நீ ஒருத்திதான். கேட்டுவிட்டு எழுது.

உன்,
டீஜே


மார்ச் 13

டீஜே அவர்களுக்கு,

கடைசியில் இருந்த "உன்" என்பதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டேன். தொழில் பழக்கம்.

அதே அச்சகம், அதே மாடி அறை. கீழே பழைய இயந்திரம் போய்ப் புதிது வந்துவிட்டது. சாப்பாட்டு இடைவேளையில் காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். முதல் பதினோரு நிமிடம் நான் உட்கார்ந்திருந்த அழகைப் பார்த்துப் பக்கத்து மேசைக்காரி, "என்னக்கா, பல்வலியா?" என்று கேட்டாள்.

ஐம்பத்திரண்டாம் நிமிடத்தில் எழுந்து நின்றுவிட்டேன். ஆறு அடி, ஒரு விக்கல். ஆறு அடி, ஒரு விக்கல். அது எங்கள் பழைய அச்சு இயந்திரம். அதன் சக்கரத்தில் ஒரு பல் உடைந்திருந்தது. வேறு எந்த இயந்திரமும் அப்படி விக்காது. அதன் மேல் முனகும் ஆண்குரல் யாருடையது என்று தெரியாதா உங்களுக்கு? அது நான். பிழை பார்க்கும்போது வாய்விட்டு வாசிப்போமே, "காற்புள்ளி, முற்றுப்புள்ளி, புதிய பத்தி" என்று, அதுதான். நானே பதிவு செய்து, ஒரே ஒரு இசைத்தட்டாகப் பதித்து வாங்கி, வெற்று லேபிளோடு உங்கள் தட்டுப் பெட்டியில் செருகி வைத்தேன். யாருடையது என்று தெரியாமல் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று பார்க்க ஆசை. மூன்று மாதம் நீங்கள் வாயே திறக்கவில்லை. அவ்வளவு கேவலமாகவா இருக்கிறது என்று நினைத்துத்தான் வீட்டை விட்டுக் கிளம்பினேன்.

இன்று அதையே வேகம் குறைத்து இழுத்து, என் குரலை ஆண்குரலாக்கி, உறையில் உள்ள பட்டியலில் "பெயர் தெரியவில்லை" என்று போட்டிருக்கிறீர்கள். திருடியதை மறைக்க இவ்வளவு பாடா? பிறகு எனக்கே அனுப்பி அபிப்பிராயம் கேட்கிறீர்கள். கண்டுபிடிக்கிறேனா என்று நோட்டம் பார்க்கிறீர்களா, இல்லை, நைசாக அனுமதி வாங்கவா? போன் செய்ய வேண்டாம். உங்கள் குரல் ஆளைக் கரைத்துவிடும். எழுத்தில் சொல்லுங்கள். எழுத்தில் பொய் இருந்தால் எனக்குத் தெரியும்.

கமா


மார்ச் 19

அன்புள்ள கமாவுக்கு,

நீயா அது? சத்தியமாக எனக்குத் தெரியாது.

பெட்டியில் அதைப் பார்த்த அன்றே கேட்டுவிட்டேன். எந்தக் கடைக்காரர் கொடுத்தது என்று யோசித்தேன், பிடிபடவில்லை. ஒரு சொல்லும் புரியாததால், கண்காணாத தேசத்துச் சாமியார் யாரோ மந்திரம் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். கேட்டதும் பைத்தியம் பிடித்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடமும். வாய் தவறி வெளியே போனால் வேறு டீஜே எவனாவது தேடிப் பிடித்துவிடுவான். தட்டு விஷயத்தில் பெற்ற அம்மாவையே நம்பாதவன் நான். அதற்கு நீ இப்படி ஒரு அர்த்தம் எடுத்துக்கொண்டாய் என்பது இப்போதுதான் தெரிகிறது.

நான் எதையும் இழுக்கவில்லை, மாற்றவில்லை. முப்பத்துமூன்றில் வைத்தேன். அது அப்படித்தான் ஓடியது.

டீஜே


மார்ச் 25

டீஜே அவர்களுக்கு,

முப்பத்துமூன்றிலா? அது நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்று சுற்ற வேண்டிய தட்டு. மெதுவாகச் சுற்றினால் என் குரல் தடித்து ஆண்குரலாகத்தான் கேட்கும். லேபிள் வெறுமையாக இருக்க வேண்டும் என்ற வீம்பில் அந்த எண்ணையும் எழுதாமல் விட்டிருக்கிறேன். முப்பது வருடமாக அடுத்தவர் பிழையைப் பிடித்துச் சாப்பிடுகிறவள் நான். இரண்டு நாளாக மேசையில் எந்தத் தாளையும் நேராகப் பார்க்க முடியவில்லை.

அதற்காக முழுசாக நம்பிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் "சத்தியமாக" இருக்கிறது. முன்பெல்லாம் பொய் சொல்லும்போதுதான் அந்தச் சொல் உங்களுக்கு வரும்.

ஒன்று செய்யுங்கள். நாற்பத்தைந்தில் வைத்துக் கேளுங்கள். அன்றைக்குக் கேட்க நினைத்ததை இப்போது கேட்கிறேன்: நன்றாக இருக்கிறதா? பதிலைப் பார்த்துத்தான் அனுமதி. உங்களுக்கு அந்த ஒன்பது நிமிடம் வேண்டும். ஆகவே என்ன எழுதுவீர்கள் என்று எனக்கு இப்போதே தெரியும்.

கமா


ஏப்ரல் 2

அன்புள்ள கமாவுக்கு,

மூன்று நாள் கேட்டேன். ஊசியை வைத்ததும் உன் குரல் வந்தது. சமையலறை மேசையில் தாள்களைப் பரப்பிக்கொண்டு வாசிப்பாயே, அப்படியே. ஊசியை எடுத்து மறுபடி முதலிலிருந்து வைத்தேன்.

ஆனால் நீ கேட்டது அதை அல்ல. தட்டு நன்றாக இல்லை, கமா. அடி அவசரப்படுகிறது. குரல் அதைத் துரத்திக்கொண்டு ஓடுகிறது. நாலாம் நிமிடத்துக்குப் பிறகு என்ன செய்வது என்று உனக்கே தெரியவில்லை. அன்று சரியான வேகத்தில் கேட்டிருந்தாலும் இதைத்தான் நினைத்திருப்பேன். உன்னுடையது என்று தெரிந்திருந்தால் "நல்லா இருக்கு" என்று சொல்லிச் சமாளித்திருப்பேன்.

அனுமதிப் படிவம் இத்துடன் இருக்கிறது, கிழித்துப் போட வசதியாக. அந்த ஒன்பது நிமிடம் இல்லாமல் இந்த ஆல்பம் வேண்டாம் என்று வெளியிடுபவரிடம் சொல்லிவிட்டேன். பதினைந்தாம் தேதிவரை காத்திருப்பதாகச் சொன்னார்.

டீஜே


ஏப்ரல் 9

அன்புள்ள டீஜே அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை ஜன்னலோரம் வைத்துக்கொண்டு வரி வரியாகப் பொய் தேடினேன். ஒன்றும் சிக்கவில்லை. பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நீங்கள் பாராட்டி எழுதியிருந்தால் படிவத்தைச் சந்தோஷமாகக் கிழித்துப் போட்டிருப்பேன். பதினாறு வருடக் கோபம் பத்திரமாக இருந்திருக்கும். இப்போது அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

அந்த ஒன்பது நிமிடத்தை மறுபடி கேட்டேன். மெதுவாக இருப்பதால்தான் நன்றாக இருக்கிறது. எனக்கே பிடித்துவிட்டது; ஒப்புக்கொள்ளக் கஷ்டமாக இருக்கிறது.

படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதில் இரண்டு எழுத்துப்பிழை இருந்தது, திருத்திவிட்டேன். பட்டியலில் என் முழுப் பெயரைப் போடுங்கள்.

இன்னும் ஒரு சந்தேகம் பாக்கி. தெரிந்திருந்தால் "நல்லா இருக்கு" என்று சமாளித்திருப்பேன் என்கிறீர்கள். அப்படியானால் பன்னிரண்டு வருடக் குடித்தனத்தில் என் சமையலுக்கும், புடவைக்கும், எனக்கும் நீங்கள் சொன்ன "நல்லா இருக்கு" எல்லாவற்றிலும் எது நிஜம், எது சமாளிப்பு? ஒன்று விடாமல் எழுதி அனுப்புங்கள். நிறைய இருந்தால் தபாலில் வேண்டாம், நேரில் கொண்டு வாருங்கள்.

கமா